பதினேழாவது கேள்வி

சகாயமேரிக்கு வைத்த இதயம் நன்றாகத்தான் வேலை செய்தது. அவள் உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது, வயிற்றுத் தோலில் யாரோ சிவப்புப் பேனாவால் கிறுக்கியதுபோலக் கோடுகள். புது இதயத்தோடு கண் விழித்த அன்று முதல் காரியமாக டீ கேட்டவள், ஏழு வாரம் கழித்து மூச்சுக் கருவியோடு அதே வார்டில் கிடந்தாள். வயது முப்பத்து நான்கு. லால்குடியில் தையல் கடை, இரண்டு பிள்ளைகள், குடியை விட்டுவிட்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கணவன்.

மங்கையர்க்கரசி கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் மங்கை மேடம். உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. மூளைச்சாவு அடைந்த மனிதர் இன்னும் சூடாக, மூச்சு ஏறி இறங்கக் கட்டிலில் கிடக்கும்போது, வெளியே அவர் குடும்பத்திடம் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கேட்கிற வேலை. பதினெட்டு வருடமாகக் கேட்கிறாள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார்கள், சிலர் கன்னத்தில் அறைந்தார்கள். இரண்டுக்கும் அவளிடம் ஒரே முகம்தான் இருந்தது. அந்த முகம் இப்போது வீட்டுக்குப் போனாலும் கழல்வதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

ஒரே ஆளிடமிருந்து நான்கு பேர் உறுப்பு பெற்றார்கள். கல்லீரல் பெற்ற சத்துணவு அமைப்பாளர் போன வாரம் இறந்துவிட்டார். சிறுநீரகம் பெற்ற இருவருக்கும் அதை அறுத்து எடுத்துவிட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரைகளை நிறுத்தி, பழையபடி டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிராவது தப்பியது. இதயத்தை அப்படி எடுத்துப் போட்டுவிட முடியாது. மாத்திரையை நிறுத்தினால் உடம்பே இதயத்தைக் கொன்றுவிடும், நிறுத்தாவிட்டால் புழு உடம்பைத் தின்றுவிடும்.

புழுதான். அதற்கு நீளமாக ஒரு லத்தீன் பெயர் உண்டு. வார்டில் நூல்புழு என்றார்கள்.

"இதுல கொடுமை என்னன்னா மேடம், இது நல்ல ஆளுங்க உடம்புல முப்பது வருஷம்கூட சத்தமே இல்லாம இருக்கும்" என்றார் டாக்டர் இம்தியாஸ். அவரும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. "வெறுங்காலோட ஈர மண்ண மிதிச்சா பாதத்து வழியா ஏறிரும். நம்ம எதிர்ப்புச் சக்தி அத ஒரு மூலைல உக்கார வச்சிருக்கும். உறுப்போட சேர்ந்து இன்னொரு உடம்புக்குப் போகுது. அங்க நாம மாத்திரை குடுத்து எதிர்ப்புச் சக்திய அடக்கி வச்சிருக்கோம். அதக் கேக்க ஆளில்ல. ஒண்ணு ஆயிரமாகுது."

மங்கைக்கு இது தெரியாததல்ல. தெரிந்ததனால்தான் அவளுடைய கொடையாளர் படிவத்தில் பதினேழாவது கேள்வி இருந்தது: 'செருப்பு அணியாமல் மண்ணில் நடக்கும் வழக்கம் கொடையாளருக்கு உண்டா?' உண்டு என்றால் உறுப்பை வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். பெறுகிறவர்களுக்கு அன்றைக்கே, புழு பெருகுமுன், ஒரு தடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கிற ரத்தப் பரிசோதனையில் ஒளிந்திருக்கிற புழு பெரும்பாலும் சிக்காது. ஆகவே குடும்பத்தார் சொல்லும் பதிலைத்தான் நம்பியிருந்தார்கள். தடுப்பு மருந்தை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாதா என்றால், அப்படி ஆடுமாடுகளுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்துத்தான் பழைய மருந்து எதற்கும் பயனில்லாமல் போனது. புதிய மருந்தைக் கட்டுப்பாட்டோடு வைத்திருந்தார்கள். இந்தக் கொடையாளரின் படிவத்தில், மங்கையின் கையெழுத்தில், 'இல்லை' என்று இருந்தது.

கொடையாளர் பெயர் எழிலரசன். அறுபத்தொரு வயது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பகுத்தறிவு மன்றத்தில் முப்பது வருட உறுப்பினர். கறுப்புச் சட்டையைத் தவிர வேறு சட்டை அவரிடம் கிடையாது என்றார்கள். மாசி மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது.

"மண்தடத்துல என்ன வந்துச்சு?" என்று மங்கை கேட்டாள்.

மண்தடம் என்பது ஆய்வகத்தில் இருந்த ஒரு கருவி. நாட்டில் ஒரு பிர்கா விடாமல் மண் எடுத்து, அந்தந்த மண்ணின் புழுக்களுடைய மரபணுவைப் படித்துப் பதிந்து வைத்திருந்தார்கள். ஒருவன் உடம்பிலிருந்து ஒரு புழுவை எடுத்துக் கருவியிடம் கொடுத்தால், அவன் எந்த ஊர் மண்ணை மிதித்தான் என்று அது சொல்லிவிடும். எந்த மருந்துக்கு எந்த ஊர்ப் புழு சாகும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் போலீஸ்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நீதிமன்றம் தலையிட்டு, சிகிச்சைக்குத் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. மனிதன் சொல்லாததைப் புழு சொல்லிவிடும் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஒரு ருசி வந்துவிடுகிறது.

"ரெண்டு ஊரக் காட்டுது" என்றார் இம்தியாஸ். "ஒண்ணு பெரம்பலூர் பக்கம். இன்னொண்ணு ஒட்டன்சத்திரம் பக்கம். பதினஞ்சு வருஷம் முன்னாடி ரோடு போட ஒட்டன்சத்திரத்துல மண்ண வெட்டி பெரம்பலூருக்கு லாரி லாரியா கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க. மண்ணோட புழுவும் லாரி ஏறிருச்சு. கருவிக்கு ரெண்டும் ஒரே தாய் பெத்த புள்ளைங்க."

சிக்கல் என்னவென்றால் வளர்ந்த இடம் வேறு. பெரம்பலூர்ப் புழு மஞ்சள் மூடி ஊசிக்குத்தான் சாகும், நீல மூடி ஊசிக்கு அசையாது. ஒட்டன்சத்திரத்தில் அப்படியே தலைகீழ். இரண்டையும் போட்டால் சகாயமேரியின் ஈரல் தாங்காது. வளர்த்துப் பார்த்துச் சோதித்தால் ஒன்பது நாளில் சந்தேகமில்லாமல் தெரியும். அவளிடம் இரண்டு நாள்தான் இருந்தது.

எழிலரசன் ஆறு வருடம் பெரம்பலூரில் வேலை பார்த்தவர் என்பதால் கருவி அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. நூற்றுக்கு எண்பது என்றது. நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் ஊசியைப் போட்டுவிடப் போவதாக இம்தியாஸ் சொன்னார்.

"லைன்ல வேலை பாக்குறவங்க பூட்ஸ் போடாம கம்பத்துல கை வைக்க மாட்டாங்க டாக்டர்."

"அப்ப வேற எங்க நடந்தாரு? நீங்கதான் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை. களைப்பில் சொன்னார். ஆனாலும் அது மங்கையின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

படிவம் நிரப்பிய அன்று நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குடும்பத்தாரோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அன்று அந்த அறையில் குளிர்சாதனத்தைப் பிரித்துப் போட்டு வேலை நடந்தது. நேரமில்லை, நான்கு ஊர்களில் நான்கு அறுவை அரங்குகள் காத்திருந்தன. தாழ்வாரத்திலேயே நாற்காலியைப் போட்டு எழிலரசனின் மனைவி பொற்கொடியை உட்கார வைத்துக் கேள்விகளைக் கேட்டாள். சுற்றிலும் இருபது கறுப்புச் சட்டைகள். மன்றத்தின் நகரச் செயலாளர் புகழேந்தி அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் நின்றார். கொடுப்பதில் யாருக்கும் மறுபேச்சே இல்லை. எழிலரசன் எப்போதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். பதினேழாவது கேள்விக்கு மட்டும் பொற்கொடி நிமிர்ந்து சுற்றியிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், செருப்பில்லாமல் அவர் வாசல்கூட இறங்கமாட்டார் என்றார். மங்கை டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அந்த ஒரு பார்வையை மங்கை அன்றைக்கே கவனித்தாள். நேரம் இல்லாததால் விட்டுவிட்டாள். பதினெட்டு வருடத்தில் ஆயிரம் பார்வைகள். எதையென்று நின்று கேட்பது.

மாலையில் போன் செய்து கேட்டாள். பொற்கொடி அதே பதிலைத்தான் சொன்னார், அதே வார்த்தைகளில். ஒப்பித்ததுபோல இருந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு மங்கை திருச்சி கருமண்டபத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

கதவைத் திறந்தது மகள் ஓவியா. இருபத்தேழு வயதிருக்கும். சொந்த வீட்டுக்குள் முகக்கவசம் போட்டிருந்தாள். அன்றைக்கு மருத்துவமனையில் மங்கை இந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை; ஊரில் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்வதற்குள் அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது. ஒரு கையால் வாயை மறைத்து, இன்னொரு கையால் இடுப்பைச் சொறிந்துகொண்டே உள்ளே போய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

கூடத்தில் எழிலரசனின் பெரிய படம் ஒன்று துணி மூடிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. மேஜைமேல் அதற்கான நோட்டீஸ் கட்டு. 'எந்தக் கடவுள் முன்னும் குனியாத தலை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பொற்கொடி காபி போட எழுந்தார், மங்கை வேண்டாமென்றாள். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். உறுப்பு யாருக்குப் போனது என்று குடும்பத்தாரிடம் சொல்லக்கூடாது என்பது சட்டம். பெயரைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னாள். ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு பேர் இழந்துவிட்டார்கள், உங்கள் வீட்டுக்காரருடைய இதயத்தோடு ஒரு பெண் சாகக் கிடக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மதியத்துக்குள் நாங்கள் ஒரு ஊசியைப் போட்டாக வேண்டும், எது என்று தெரியவில்லை. அவர் எங்கே செருப்பில்லாமல் நடந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.

பொற்கொடியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை. ஆனால் தலையை மட்டும் அசைத்தார். நடக்கவில்லை. எங்கேயும் நடக்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அப்படிப்பட்ட ஆள் என்றால் எப்படிப்பட்ட ஆள் என்று மங்கைக்குப் புரியவில்லை. குடி, கூத்தி, கடன் என்று எத்தனையோ குடும்பங்கள் அவளிடம் மறைத்திருக்கின்றன. செருப்பில்லாமல் நடந்ததை மறைக்கிற குடும்பத்தை அவள் பார்த்ததில்லை. இனி இங்கே உட்கார்ந்து பயனில்லை என்று பையை எடுத்தபோது உள்ளறையில் ஒரு கைப்பேசி மணியடித்தது. சுவர்க் கடிகாரம் எட்டைக் காட்டியது.

ஓவியா மணியை நிறுத்தினாள். மாத்திரை அட்டை நெரிபடும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

மங்கை பையை மறுபடி கீழே வைத்தாள். உலகத்தில் எத்தனையோ பேர் காலையில் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டுப் போடுவார்கள், மறந்துவிட்டு மத்தியானம் போடுவார்கள். காலை எட்டு, இரவு எட்டு என்று நிமிடம் தவறாமல் மணி வைத்துப் போடுகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். அந்த மணியை வைக்கச் சொல்லிக் கொடுப்பதே அவளைப் போன்றவர்கள்தான்.

"பாப்பாவுக்கு எப்பக்கா மாத்துனாங்க?"

"வைட்டமின் மாத்திரைம்மா அது" என்றார் பொற்கொடி அவசரமாக.

"அக்கா. நான் இந்த வேலையிலதான் இருக்கேன்."

மங்கை எழுந்து உள்ளறை வாசலுக்குப் போய், எத்தனை நாளாக இருமல் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். ஒரு மாதமாக என்றாள் ஓவியா. சொறிகிற இடத்தைக் காட்டச் சொன்னாள். ஓவியா அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள். இடுப்பின் வலப்பக்கத்திலிருந்து வயிற்றை நோக்கி ஒரு சிவப்புக் கோடு வளைந்து போயிற்று. நேற்றுச் சாயங்காலம் கண்ணாடிக்குள் பார்த்த அதே கோடு.

மங்கை அந்தச் சட்டையை இறக்கிவிட்டுப் பொற்கொடியின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் புழு எல்லாரையும் கொல்லாதுக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுக்காரர ஒண்ணும் பண்ணல. எட்டு மணிக்கு மணி வச்சு மாத்திரை போடுறவங்களத்தான் கொல்லும். அங்க கிடக்கற பொண்ணுக்கும் முதல்ல இருமல், அப்புறம் இந்தக் கோடுதான். உங்க பொண்ணு எங்க நடந்தா?"

பொற்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் எதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் மேட்டூரில் இருந்தபோது, ஓவியாவுக்குப் பதினைந்து வயதில், சென்னையில் சிறுநீரகம் மாற்றினார்கள். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்தது. கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும் என்று திருச்சிக்கு வந்தபிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் தொற்று வந்துவிடும் என்று, அப்பா செத்துக்கிடந்த அன்றுகூட மகளை வீட்டிலேயே வைத்துப் பூட்டினார். எழிலரசன் உறுப்பு கொடுக்க எழுதி வைத்ததும் அந்தக் கடனுக்காகத்தான்.

"அது என் வேண்டுதல்ம்மா. அவருக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார் பொற்கொடி. "இவ பொழைச்சா வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வர்றேன்னு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு கேட்டேன். எனக்கு மூட்டு அப்பவே போயிருச்சு. மொத வருசம் மணப்பாறை தாண்டி நடக்க முடியல. ரோட்டோரம் உக்காந்து அழுவுறேன். ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்தவரு, வண்டிய நிறுத்திட்டுச் செருப்பக் கழட்டுனாரு. நீ பஸ்ல வா, நான் நடக்குறேன்னாரு. உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையேன்னேன். எனக்கு இல்ல, உனக்கு இருக்குல்ல, அது போதும்னாரு."

பதினொரு வருடம் நடந்தார். மன்றத்தில் யார் கண்ணிலும் படாமலிருக்க மணப்பாறை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே ஒரு லாட்ஜில் கறுப்புச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு நடப்பார். வடமதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. மலை ஏற மாட்டார். அடிவாரத்தில் நின்றுகொண்டு பொற்கொடியை மட்டும் மேலே அனுப்புவார். மனைவி இறங்கி வரும்வரை பாதத்தில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து, கொழுந்தியாள் வீட்டு விசேஷம் என்று தோழர்களிடம் சொல்லிவிடுவார்.

"அன்னிக்கி அத்தன பேரு சுத்தி நிக்கிறாங்க, நீங்க கேக்குறீங்க. நான் வாயத் தெறந்தா முப்பது வருசமா ஊரை ஏமாத்துனாருன்னு பேசுவாங்க. எனக்காக நடந்த மனுசன நானே காட்டிக் குடுக்கவா? நடந்தாரு நடக்கல, அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன்மா. ஒரு கேள்விதானேன்னு நெனச்சேன்."

"ஓவியா?"

"இந்த வருசம் அவருக்கு முடியல. ஒட்டன்சத்திரத்துல கால் வீங்கிருச்சுன்னு போன் பண்ணாரு. நானும் இவளும் பஸ்ல போனோம். எனக்காகத்தானே நடக்குறாருன்னு இவளும் செருப்பக் கழட்டி என் கையில குடுத்துட்டு அவரு கையப் புடிச்சிக்கிட்டு நடந்தா. வயக்காட்டு வழியா. பழனி வரைக்கும்."

மங்கை கைப்பேசியை எடுத்தாள். இம்தியாஸின் எண்ணை அழுத்தினாள்.

"ஒட்டன்சத்திரம் டாக்டர். நீல ஊசி."

"உறுதியா?"

"பதினோரு வருஷமா வெறுங்காலோட நடந்திருக்காரு. இன்னொரு பேஷன்ட்டும் வருது. கூட்டிக்கிட்டு வர்றேன்."

அன்று பத்தரை மணிக்குச் சகாயமேரிக்கு நீல ஊசி போட்டார்கள். நான்காம் நாள் சளியில் உயிருள்ள புழு இல்லை. ஐந்து வாரம் கழித்து, எலும்பும் தோலுமாக, அவள் சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போனாள். கணவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். அன்றைக்கும் வழியில் நின்றவர்களிடமெல்லாம் குடியை விட்டுவிட்டதைச் சொன்னான். இந்தத் தடவை நம்பலாம்போல இருந்தது.

ஓவியாவும் பிழைத்தாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடச் சிறுநீரகம் பிழைக்கவில்லை. புழுவைக் கொல்ல மாத்திரையை நிறுத்தினார்கள், மாத்திரையை நிறுத்தியதும் அது கருகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரை மங்கையே பதிவு செய்தாள். எழுநூற்றுச் சொச்சம் பேருக்குப் பின்னால்.

அறிக்கை எழுதவேண்டி இருந்தது. 'தகவல் தவறானதற்குக் காரணம்' என்ற கட்டத்தில், கணினி தேர்ந்தெடுக்கச் சில பதில்களைக் காட்டியது. முதல் பதிலே 'குடும்பத்தார் உண்மையை மறைத்தனர்' என்பதுதான். மங்கை அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கீழே இறங்கி 'மற்றவை' என்பதைத் தேர்ந்து, 'கேள்வியைத் தாழ்வாரத்தில், பிறர் முன்னிலையில் கேட்டது தவறு. கேட்டது நான்' என்று எழுதினாள். பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிரித்துப் படித்து, மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அவமானப்படக்கூடத் தெம்பில்லை.

தள்ளிவைத்த படத்திறப்பை ஆனியில் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் புகழேந்தி அவள் அறைக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். கறுப்புச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. விழாவில் வாசிக்க, எழிலரசன் உறுப்பு கொடுத்ததற்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமென்றார். தட்டச்சு செய்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாங்கியபிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஓவியாவுக்கு அந்தப் புழு எப்படிம்மா வந்துச்சு?"

அதை வெளியே சொல்ல முடியாது என்று மங்கை சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். ஏழு வருசத்துக்கு முன்னாடி மணப்பாறையில ஒரு கூட்டம் முடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். அவரு பச்சை வேட்டியோட எதிர்ல நடந்து போறாரு. கால்ல செருப்பு இல்ல. என்னப் பார்த்துட்டா கூசிப்போவாரேன்னு நான் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன். அவரு ஒளியல. நான்தான் ஒளிஞ்சேன். அடுத்த வாரம் மன்றத்துக்கு வந்தப்ப, கொழுந்தியா வீட்டு விசேசம் எப்படி நடந்துச்சுன்னு நானே எடுத்துக் குடுத்தேன்."

அவர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கி நீங்க அந்தக் கேள்வியக் கேட்டப்ப நான் அந்தம்மா பின்னாடிதான் நின்னேன். இல்லன்னு அவங்க சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு." கடிதத்தை இரண்டாக, நான்காக மடித்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உறுப்பு வாங்குனவரோட அந்தச் சாவு இல்ல. இந்தப் பொண்ணுக்கும் அன்னைக்கே பார்த்திருப்பீங்க. இல்லையா?"

துக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல மங்கையிடம் பதினெட்டு வருடமாக ஒரு வாக்கியம் இருந்தது. அந்த நேரத்தில் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்று தொடங்கும். யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் வேலை செய்யும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதனின் மானத்தைக் காக்க மனைவி பொய் சொன்னாள், நண்பன் சும்மா இருந்தான், தான் அவசரத்தில் அடுத்த கேள்விக்குப் போனாள். மூன்று பேரில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

"நான் கதவச் சாத்திட்டுக் கேட்டிருக்கணும் சார்" என்றாள்.

அவர் எழுந்து, கதவு வரைக்கும் போய், ஒரு கணம் நின்று, கும்பிட்டுவிட்டுப் போனார். படத்திறப்பில், குனியாத தலை என்று நோட்டீஸில் போட்டிருந்த அந்த வரியை மட்டும் அவர் பேச்சில் சொல்லவில்லை என்று பொற்கொடி பிற்பாடு டயாலிசிஸ் வாசலில் வைத்துச் சொன்னார். ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லையாம். மங்கை தனக்கும் தெரியாது என்றாள்.

ஆடி மாதத்தில் இன்னொருவர் வந்தார். துவரங்குறிச்சிக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுநர், நாற்பத்தைந்து வயது. மூளைச்சாவு என்று மருத்துவர்கள் இரண்டாம் தடவையும் உறுதி செய்துவிட்டார்கள். தாழ்வாரம் முழுக்க அண்ணன் தம்பி, மச்சான், பங்காளி. நடுவில் அவர் மனைவி, அழுது ஓய்ந்து, கையில் கணவனின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

மங்கை அவளைத் தனியாகச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். உடன் வரப் பார்த்த மூத்த மச்சானை வெளியே இருக்கச் சொன்னாள். அவர் முறைத்தார். கன்னத்தில் அறை வாங்கினாலும் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஊசி, ஊர்ப்பயணம். பதினேழாவது கேள்வியின் வாசகம் இன்னும் மாறவில்லை. அடுத்த வருடப் படிவத்தில் மாற்றுவதாகக் கமிட்டியில் சொல்லியிருந்தார்கள்.

"செருப்பு இல்லாம மண்ணுல நடக்குற வழக்கம் உண்டாம்மா அவருக்கு?"

"இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். தயங்கவே இல்லை. "எந்நேரமும் வண்டியிலதாங்க இருப்பாரு."

மங்கை டிக் போடவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"யாருக்காகவாச்சும் நடந்திருக்காராம்மா?"

அந்தப் பெண் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. கடிகாரத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியை மங்கையின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.